கும்பிடுபூச்சி கொன்ற பெண்

திரையில் ஒரு கை துண்டாகித் தெறித்தது. கண்ணாடியின் உள்பக்கம் யாரோ ஊற்றிவிட்டது போல, சிவப்பு நிறம் மேலிருந்து கீழே வழிந்தது.

"இது சும்மா ஆரம்பம் மேடம். தலைங்க எல்லாம் மூணாவது கட்டத்துலேதான்" என்றான் நாகையா. சிவமலரின் உதவியாளனான அவன், போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டிக் காய்த்துப்போன விரல்களால் கம்ப்யூட்டர் விசைகளை இடித்துக்கொண்டிருந்தான்.

சிவமலர் மூக்கைச் சுளித்தாள். போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்த காலத்தில் அவள் பார்க்காத பிணம் இல்லை. வேலையை விட்டுவிட்டு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்ட பிறகும் சாக்கடைத்தனங்கள் எத்தனையோ பார்த்துவிட்டாள். ஆனால் சாவைப் பொத்தான் வைத்து விற்பதை இப்போதுதான் பார்க்கிறாள்.

"இதை யார் காசு கொடுத்து வாங்குறாங்க?"

"ஊரே வாங்குது. 'ஸ்டீல் மேண்டிஸ்' படம் வந்துச்சே, அதோட கேம் இது. படத்துலே அந்த ஆளு ஒரு கொசுவைக்கூட அடிக்க மாட்டாரு. திருடனைக் கட்டி விளக்குக் கம்பத்துலே தொங்கவிட்டுட்டுப் போய்கிட்டே இருப்பாரு. கேமுக்கு வந்ததும் கசாப்புக் கடை வெச்சிட்டாரு. மேண்டிஸ்னா நம்ம கும்பிடுபூச்சி மேடம். பேருலே கும்பிடு, செய்யறது கழுத்தறுப்பு."

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வேலாயுதம் சிரிக்கவில்லை. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்து, அதை நாலாக மடித்து முழங்காலில் வைத்துக்கொண்டார். டாக்ஸி ஓட்டுகிறவர் என்று சொல்லியிருந்தார். போன வாரம் வந்து, தன் தங்கை சந்திரகலாவைக் கண்டுபிடித்துத் தரச் சொன்னவர். புருஷன் சபாபதியின் அடி தாங்காமல் அவள் வீட்டை விட்டு ஓடிவிட்டாள், அந்த ஆளுக்கு முன்னால் அண்ணன் நான் போய்ச் சேர வேண்டும் என்று இதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதவர்.

நாகையா அவளைக் கண்டுபிடித்துவிட்டான். சாலாக் செலாத்தானில், இராஜம்மா என்ற சிநேகிதியின் வீட்டில் இருந்தாள். ஆனால் தேடப்பட்டவளின் சம்மதம் கேட்காமல் முகவரி தருவதில்லை என்பது சிவமலரின் வழக்கம். சாயந்தரம் நேரில் போய்க் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று போனில் சொல்லியிருந்தாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் வேலாயுதம் இந்த சிடியோடு ஓடிவந்திருந்தார்.

"எனக்கு இந்தக் கருமம் எதுவும் தெரியாது மேடம். கிள்ளான்லே ஒரு கடையிலே விக்கறாங்கன்னு கேள்விப்பட்டு வாங்கிட்டு வந்தேன். ஒங்க தங்கச்சி மூஞ்சி இதுலே வருதுன்னு ஒரு பையன் சொன்னான்… அந்தப் பீப்பாய்க்குப் பின்னாடி ஒருத்தன் இருக்கான், பாத்து தம்பி."

நாகையா குனிந்தான். பீப்பாய்க்குப் பின்னாலிருந்து பாய்ந்தவன் தலைக்கு மேலே போய் விழுந்தான். மூன்றாவது கட்டம் வந்தது. முகமூடி போட்ட ஓர் உருவம் எதிரே நின்றது. கும்பிடுபூச்சியின் கை அரிவாள் போல விரிந்து இறங்கியது. முகமூடி இரண்டாகப் பிளந்தது.

உள்ளே ஒரு தமிழ்ப் பெண்ணின் முகம். வகிட்டில் குங்குமம், காதோரம் மல்லிகை. கல்யாணப் போட்டோவிலிருந்து வெட்டி ஒட்டியது. அடுத்த வெட்டில் அந்த முகம் கழுத்தோடு கழன்று தரையில் உருண்டது.

நாகையாவின் கை விசைகளிலிருந்து தானாக விலகியது.

"நிறுத்துங்க" என்றாள் சிவமலர். கம்ப்யூட்டர் நின்றது. அவள் எழுந்து போய் மூலையிலிருந்த குழாயில் கையைக் கழுவினாள். அவள் எதையும் தொடவே இல்லை. ஆனாலும் விரலிடுக்கில் ஏதோ பிசுபிசுத்தது.

"சபாபதி சுபாங் ஜெயாவிலே கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்கான். அவன் வேலைதான் இது" என்றார் வேலாயுதம். அவர் குரல் உடைந்தது. "சின்னப் பிள்ளைங்க வாங்கி, என் தங்கச்சி கழுத்தை வெட்டி விளையாடுதுங்க மேடம். இன்னிக்கு கேமுலே வெட்டறவன் நாளைக்கு நேர்லே வெட்ட மாட்டானா? நீங்க சம்மதம் கேக்கற வரைக்கும் அவன் சும்மா இருப்பானா?"

அந்தக் கேள்விதான் அவளை வீழ்த்தியது. அருவருப்பும் கோபமும் மேலோங்கியிருந்த அந்த நிமிஷத்தில், வழக்கமாவது மண்ணாவது என்று தோன்றிவிட்டது. ஒரு துண்டுக் காகிதத்தில் சாலாக் செலாத்தான் முகவரியை எழுதிக் கொடுத்தாள்.

"உடனே போய்க் கூட்டிட்டுப் போங்க."

"கையிலே ஒரு சவாரி இருக்கு மேடம். முடிச்ச கையோட போயிடறேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார் வேலாயுதம்.

சிடியின் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள் சிவமலர். பின்பக்கம் 'தங்கமணி வீடியோ, கிள்ளான்' என்று ஒரு ஸ்டிக்கர்.

"வண்டியை எடுங்க நாகையா. அந்தக் கடையிலே இருக்கற அத்தனை சிடியையும் இன்னிக்கே பிடிச்சாகணும்."

*

ஃபெடரல் ஹைவேயில் வெயில் கொதித்தது. பழைய புரோட்டான் சாகாவின் ஏர்கண்ட் பெயருக்கு மூச்சு விட்டது.

"பேசாம வரீங்களே மேடம். திட்டறதுன்னா திட்டிருங்க. நான் அதை நல்லா வேற விளையாடித் தொலைச்சேன்."

"உங்களைத் திட்டி என்ன? அதைச் செஞ்சவன் எப்படி உக்காந்து செஞ்சிருப்பான்னு யோசிக்கறேன். கல்யாண ஆல்பத்தை எடுத்து, முகத்தை மட்டும் தனியா வெட்டி, கழுத்துக்குச் சரியா பொருந்துதான்னு பாத்துப் பாத்து…"

"வேணாம் மேடம். காலையிலே தின்ன நாசி லெமாக் மேலே வருது."

தெங்கு கிளானா சாலையை ஒட்டிய சந்தில் இருந்தது தங்கமணியின் கடை. சுவர் முழுக்க வீடியோ கேசட், நடுவில் சிடி அடுக்கு, வாசலில் இரண்டு பெரிய ஸ்பீக்கர். கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த அந்த அம்மாள், சிவமலரின் நடையைப் பார்த்ததுமே எழுந்து நின்றார்.

"ரெய்டா? போன மாசம்தான் வந்து அள்ளிட்டுப் போனாங்களே லா!"

"ரெய்டு இல்லேக்கா" என்றான் நாகையா. "மேடம் போலீஸை விட்டு ரொம்ப நாளாச்சு. நடை மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகலே."

'ஸ்டீல் மேண்டிஸ்' வேண்டும் என்று சிவமலர் கேட்டாள். அடுக்கின் முன்வரிசையிலேயே அது ஒரு கட்டு இருந்தது. கடைக் கம்ப்யூட்டரில் ஒன்றைப் போட்டு, நாகையா மறுபடியும் மூன்றாவது கட்டம் வரை வெட்டிக்கொண்டு போனான். முகமூடி பிளந்தது.

உள்ளே நீல நிறத்தில் ஒரு பல்லி மூஞ்சி. உறுமிக்கொண்டே செத்தது.

இன்னொன்றைப் போட்டார்கள். பல்லி. கட்டின் அடியிலிருந்து ஒன்றை உருவிப் போட்டார்கள். அதிலும் பல்லிதான்.

"பொம்பளை மூஞ்சியா? அப்படி ஒண்ணு வந்திருந்தா பிள்ளைங்களோட அம்மாமாருங்க என் கடையைக் கொளுத்தியிருப்பாங்க" என்றார் தங்கமணி.

சிவமலர் வேலாயுதம் கொண்டுவந்த சிடியை எடுத்துக் கடையின் சிடிக்குப் பக்கத்தில் வைத்தாள். கடைச் சரக்கு வெள்ளி நிறம். மேலே கும்பிடுபூச்சிப் படம் அச்சாகியிருந்தது. இது மங்கிய தங்க நிறம். படம் இல்லை, எழுத்து இல்லை.

"ஃபேக்டரியிலே கட்டுக் கட்டா அடிக்கறது வெள்ளி. இது வீட்டுலே மெஷின் வெச்சு ஒண்ணே ஒண்ணு எழுதறது, இல்லையா?"

"ஆமா லா. பெட்டி மட்டும் என்னோடது. உள்ளே இருக்கறது என் சரக்கு இல்லே" என்றார் தங்கமணி. "போடுங்க, என்னதான் இருக்குன்னு பாப்போம்."

ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஸ்பீக்கர் கிடையாது. அதனால் காலையில் அவர்கள் கேட்காத ஒன்றை இப்போது கேட்டார்கள். முகமூடி பிளந்து சந்திரகலாவின் முகம் வந்ததும், அந்த ஆங்கிலச் சத்தங்களுக்கு நடுவே ஒரு பெண் தமிழில் கதறினாள்.

"வேணாங்க… அடிக்காதீங்க… கதவைத் திறந்து விட்டுருங்க…"

பின்னால் ஏதோ ஒரு பாத்திரம் உருண்டு ஓடிச் சுவரில் முட்டி நின்றது. ஓர் ஆணின் மூச்சு வாங்கியது. பிறகுதான் தலை விழுந்தது.

தங்கமணி பாய்ந்து மின்சாரக் கம்பியையே பிடுங்கினார்.  சிவமலருக்கு உடம்பெல்லாம் புழு ஊர்வது போல இருந்தது. நடிக்கிற குரலுக்குப் பாத்திரம் உருளாது. அடிக்கும்போதே பதிவு செய்து வைத்திருக்கிறான்.

"யாரு இந்தப் பொண்ணு?" என்றார் தங்கமணி.

"சுபாங் ஜெயா சபாபதியோட மனைவி."

"கம்ப்யூட்டர் சபாபதியா? பிள்ளைங்க பிறந்தநாளுக்கு அதுங்க மூஞ்சியை வெச்சு கேம் பண்ணிக் குடுப்பாரே. நான்தான் ஆளுங்களை அனுப்புவேன். ரொம்ப சாஃப்டான மனுஷன் லா! பொண்டாட்டி ஓடிப்போச்சுன்னு இங்கேதான் வந்து உக்காந்து அழுதாரு. பேச ஆரம்பிச்சாலே கண்ணுலே தண்ணி வந்துரும். துடைச்சுட்டு அந்த லேஞ்சியை அழகா நாலா மடிச்சு முட்டிமேலே வெச்சுக்குவாரு."

சிவமலர் நாகையாவின் பக்கம் திரும்பினாள்.

"நாகையா, காலையிலே நீங்க விளையாடறப்போ, பீப்பாய்க்குப் பின்னாடி ஆள் இருக்குன்னு சொன்னது யாரு?"

"வேலாயுதம் அண்ணன்."

"எப்போ சொன்னார்? ஆள் வெளியே வந்த பிறகா, வரதுக்கு முன்னேயா?"

"முன்னேதான் மேடம்" என்றான் நாகையா. 

"கேமே தெரியாதுன்னு சொன்ன ஆளுக்கு, அதுலே ஆள் எங்கே ஒளிஞ்சிருக்குன்னு எப்படித் தெரிஞ்சது? கடையிலே விக்கறாங்கன்னு சொன்னார். உலகத்துலேயே இது ஒண்ணுதான் இருக்கு. இதை இதுவரைக்கும் யாருக்குக் காட்டினார்? நமக்கு மட்டும்தான். பார்த்ததும் எனக்கு வயிறு குமட்டும், யோசிக்காம முகவரியைத் தூக்கிக் கொடுப்பேன்னு கணக்குப் போட்டிருக்கார். நானும் கொடுத்தேன்."

கடைப் போனை இழுத்து இராஜம்மா வீட்டுக்குச் சுழற்றினாள்.

"சந்திரகலாவோட அண்ணன் அங்கே வந்தாரா?"

"அண்ணனா?" என்றது அந்தப் பக்கத்துக் குரல். "யாருங்க நீங்க? அவ ஒத்தப் பிள்ளை. அவளுக்கு அண்ணனும் இல்லே, தம்பியும் இல்லே."

"இராஜம்மா, ரெண்டு கதவையும் பூட்டுங்க. யார் வந்து என்ன சொல்லி அழுதாலும் திறக்காதீங்க. வரது அவ புருஷன்."

போனை வைத்து, உடனே பழைய போலீஸ் சகா ஒருவருக்குப் பேசினாள்.  கோபத்திலோ கலக்கத்திலோதான் அவள் பேச்சில் யாழ்ப்பாணம் எட்டிப் பார்க்கும்.

"என்ட பிழை, நாகையா. என்ட பிழை."

"பிழையை வண்டியிலே ஏத்திக்கலாம் மேடம். கெளம்புங்க."

தங்கமணி வாசல் ஸ்பீக்கரின் ஒயர்களை உருவிக்கொண்டிருந்தார். ஒன்றைத் தூக்கி நாகையாவின் கையில் திணித்தார்.

"கொண்டு போங்க. அந்தச் சத்தத்தை யாரும் கேக்கலேன்னு சொல்லிடக்கூடாது."

*

சாலாக் செலாத்தானில் அந்த வரிசை வீடுகளுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். நடுவில், இராஜம்மா வீட்டு இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு அந்த ஆள் அழுதுகொண்டிருந்தார்.

"சந்திரா! அண்ணன் வந்திருக்கேம்மா! கதவைத் திற!"

"பாவம்யா, கூடப் பொறந்தவன் இப்படிக் கெஞ்சறான்" என்றார் கூட்டத்தில் ஒருவர். இன்னொருவர் கதவைத் தட்டி, திறக்கச் சொல்லி உள்ளே சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

நாகையா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், கதவுக்கும் அவருக்கும் நடுவில் தன் உடம்பை நிறுத்தினான். அது சாதாரண உடம்பு இல்லை. கதவு முழுவதும் மறைந்துவிட்டது.

"வழி விடு தம்பி."

"லோரி பார்க் பண்ணியாச்சு. இனிமே நகராது."

அதே சமயம் ஒரு போலீஸ் கார் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். அவர்களைக் கண்டதும் அந்த ஆளின் கண்ணீர் சட்டென்று நின்றதைச் சிவமலர் பார்த்தாள். கைக்குட்டை பைக்குள் போனது. அதே பையிலிருந்து கல்யாணப் பதிவுச் சான்றிதழ் வெளியே வந்தது; சவாரி என்று சொல்லிவிட்டுப் போனது இதை எடுத்துவரத்தான். சுத்தமான மலாயில், அமைதியாக, அவர் விளக்கினார்: நான் இவள் கணவன் சபாபதி. இது குடும்ப விவகாரம். என் மனைவிக்கு மனநிலை சரியில்லை, வீட்டுக்கு அழைத்துப் போக வந்திருக்கிறேன்.

"கணவனா?" கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "இவ்வளவு நேரம் அண்ணன்னு அழுதியே!"

"என் ஆபீஸ்லேயும் அண்ணன்தான். கதவு திறக்கறதுக்கு எந்த உறவு வேணுமோ அந்த உறவு" என்றாள் சிவமலர்.

சபாபதி அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. விளையாட்டில் ஒரு கட்டம் தோற்றவனுக்கு வருகிற எரிச்சல் மட்டும்தான் இருந்தது. காலையில் திரையில் வழிந்த சிவப்பைவிட அந்த எரிச்சல்தான் அவளுக்கு அதிகம் குமட்டியது.

"அது ஒரு கேம் மேடம்" என்றார் அவர், தமிழில், தாழ்ந்த குரலில். "யாருக்கும் ஒண்ணும் ஆகலே. அதுக்குப் போய் என்ன கேஸ் போடுவீங்க?"

பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. உள்ளே இராஜம்மா தடுக்கத் தடுக்க, சந்திரகலா கதவருகே வந்து நின்றாள். போட்டோவில் இருந்த முகமா என்று சந்தேகம் வந்தது சிவமலருக்கு. மெலிந்து, முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். இடது புருவத்துக்கு மேலே ஒரு வெட்டுத் தழும்பு.

"நான்தான் இவருக்கு உங்க முகவரியைக் கொடுத்தேன்" என்றாள் சிவமலர். மன்னிப்பைச் சுற்றி வளைத்துக் கேட்க அவளுக்குத் தெரியாது. "இவர் ஒரு கேமுலே உங்க முகத்தை வெச்சிருந்தார். அதைப் பார்த்து ஏமாந்துட்டேன்."

"அதுலே நான் சாகறேனா?"

"ஆமாம்."

"சத்தம் வருதா?"

சிவமலர் பதில் சொல்லத் தயங்கினாள். சந்திரகலாவுக்கு அந்தத் தயக்கமே போதுமாக இருந்தது.

"அடிக்கறப்போ டேப் ஓட விடுவாரு" என்றாள். "நான் சொன்னா யாரும் நம்பலே. கோயில்லே சொன்னேன், அவங்க வீட்டுலே சொன்னேன், ஸ்டேஷன்லே சொன்னேன். இவ்வளவு சாதுவான மனுஷனான்னு என்னைத்தான் ஒரு மாதிரி பாத்தாங்க." போலீஸ்காரர்களின் பக்கம் திரும்பினாள். "எனக்குப் புகார் குடுக்கணும். வண்டியிலே இடம் இருக்கா?"

சபாபதி ஓர் அடி பின்னால் வைத்தார். நாகையாவின் கை அவர் தோளில் கனமாக விழுந்தது.

*

ஸ்டேஷனில் சார்ஜண்டின் அறையில்தான் கம்ப்யூட்டர் இருந்தது. அவர் வயதான மலாய்க்காரர். குடும்பச் சண்டைக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்ற அலுப்போடுதான் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார். நாகையா ஸ்பீக்கரை மேசைமேல் ஏற்றி, ஒயரை மாட்டினான். மறுபடியும் அந்தப் பாதையில் கும்பிடுபூச்சியை நடத்திக்கொண்டு போனான். 

சிவமலர் சந்திரகலாவின் பக்கத்தில் நின்றாள். வெளியே பெஞ்சில் சபாபதி கைக்குட்டையை எடுத்து ஒரு கான்ஸ்டபிளிடம் அழ ஆரம்பித்திருந்தார். கண்ணாடித் தடுப்பு வழியாக அது தெரிந்தது. கான்ஸ்டபிள் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

முகமூடி பிளந்தது. சிறிய அறை, பெரிய ஸ்பீக்கர். கதறல் சுவரில் மோதி ஸ்டேஷன் முழுவதும் கேட்டது. வெளியே டைப் அடித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. தண்ணீர் கொடுத்த கான்ஸ்டபிள் சபாபதியைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இரண்டு அடி தள்ளி நின்றார்.

சார்ஜண்டுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அந்தக் குரல் என்ன கேட்கிறது என்று புரியாமல் இருக்க முடியவில்லை.  கையை நீட்டி ஸ்பீக்கரின் பொத்தானைத் தேடினார்.

"சுக்குப், சுக்குப். போதும். நிறுத்துங்க."

சந்திரகலா அவர் கைக்கு முன்னால் தன் கையை வைத்தாள்.  கை நகரவில்லை.

"இன்னும் முடியலே என்சிக்" என்றாள் மலாயில். "உக்காந்து முழுசும் கேளுங்க."

சார்ஜண்ட் அவளைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, உட்கார்ந்தார்.